ஃபர்ம்வேரை எப்போது கேட்பது? லினக்ஸ் டிரைவர்களின் நேரச் சிக்கல்

லினக்ஸ் பூட் ஆனதும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் லாகைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி பழக்கப்பட்டிருக்கும்: ரெகுலேட்டரி.டிபி என்ற கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2. அந்த எண்ணுக்கு அர்த்தம், அப்படியொரு கோப்பே இல்லை என்பது. ஆனால் /லிப்/ஃபர்ம்வேர் ஃபோல்டருக்குப் போய்ப் பார்த்தால் கோப்பு ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். பேக்கேஜை மறுபடி நிறுவினாலும் அடுத்த பூட்டில் அதே வரி வரும்.

இதற்குக் காரணம் கேட்ட நேரம்தான். வைஃபைக்கான பொது அடுக்கை மாட்யூலாக, அதாவது தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டாக, பிரிக்காமல் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்தால், டிஸ்க் மவுன்ட் ஆவதற்கு முன்பே அது இந்தக் கோப்பைக் கேட்டுவிடுகிறது. எந்த நாட்டில் எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியோடு அனுப்பலாம் என்ற பட்டியல் அது. கறாராகச் சொன்னால் அது ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள் ஓடும் நிரல், கிடையாது, ஆனாலும் 4.15 கர்னல் முதல் ஃபர்ம்வேர் போகும் பாதையிலேயேதான் ஏறுகிறது. கேட்ட நொடியில் கர்னலின் கண்ணுக்கு /லிப்/ஃபர்ம்வேர் காலி. சில நொடி கழித்துக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். லினக்ஸ் உலகில் இருபது ஆண்டுக்கு மேலாக ஓடும் ஒரு வழக்கின் சின்ன அடையாளம் இந்த வரி: ஒரு சாதனத்தை இயக்கும் கர்னல் நிரலான டிரைவர் தன் ஃபர்ம்வேரை எப்போது கேட்க வேண்டும்?

முதலில், கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது? வைஃபை சிப், கிராஃபிக்ஸ் கார்டு, டிவி டியூனர் என்று எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு குட்டி ப்ராசசர் இருக்கிறது. அதற்கான நிரலைக் கார்டிலேயே ஃப்ளாஷ் மெமரி வைத்துப் பதிக்கலாம். ஃப்ளாஷுக்குக் காசு ஆகும், அப்டேட் செய்வதும் தொல்லை. அதனால் பல தயாரிப்பாளர்கள் வெறும் ராம் மட்டும் வைத்து அனுப்புகிறார்கள். பவர் வந்ததும் சிப் வெறுமையாக எழும், நிரலைக் கொண்டுவந்து ஊற்றுவது டிரைவரின் வேலை. ஒரு காலத்தில் அந்த நிரல் டிரைவரின் சி கோடுக்குள்ளேயே எண் வரிசையாகத் திணிக்கப்பட்டிருந்தது. உரிமம் சார்ந்த சண்டைகள், கர்னலின் அளவு, தனியாகப் புதுப்பிக்கும் வசதி என்று பல காரணங்களால் அது படிப்படியாக வெளியே போனது. லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தனிக் களஞ்சியம் 2008-ல் பிறந்தது. கர்னல் மூலத்தில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த ஃபர்ம்வேர் ஃபோல்டர் 2017-ல், 4.14 பதிப்பில் நீக்கப்பட்டது.

வெளியே போனதும் புதுத் தலைவலி வந்தது. கோப்பு டிஸ்கில் இருக்கிறது. டிஸ்கைத் தொட ஃபைல் சிஸ்டம் வேண்டும். ஃபைல் சிஸ்டம் பூட்டின் நடுவில்தான் வரும், அதுவும் ஒரே தடவையாக வராது. முதலில் கர்னல் தனக்குள் கட்டப்பட்ட பகுதிகளை ஒரு வரிசைப்படி எழுப்புகிறது. அந்த வரிசையில் சாதனங்களின் முறை வருவதற்குச் சற்று முன்னால் இனிட்ராம்எஃப்எஸ் விரிக்கப்படுகிறது. பூட்லோடர் கையோடு கொண்டுவந்து கொடுத்த குட்டி ஃபைல் சிஸ்டம் அது. அதற்குள்ளும் ஒரு /லிப்/ஃபர்ம்வேர் இருக்கும், ஆனால் அதை உருவாக்கிய கருவி தேவை என்று நினைத்த கோப்புகள் மட்டும்தான் அதில் இருக்கும். அப்புறம் அதிலிருந்து நிஜமான ரூட்டுக்கு, அதாவது முழு ஃபைல் சிஸ்டத்துக்கு, தாவல். ஆக ஒரே பாதைப் பெயருக்கு நேரத்தைப் பொறுத்து மூன்று நிலைகள்: எதுவுமில்லை, கொஞ்சம் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. டிரைவர் எழுதுகிறவர் பெரும்பாலும் மூன்றாவது நிலையில் உட்கார்ந்துதான் சோதித்துப் பார்க்கிறார்.

டிரைவர் ஃபர்ம்வேர் கேட்கும் ஃபங்ஷனின் பெயர் ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர். 2003 வாக்கில் அது வந்தபோது கர்னல் தானே டிஸ்கைப் படிப்பதில்லை என்பது கொள்கையாக இருந்தது. கர்னல் ஒரு நிகழ்வை வெளியே அனுப்பும். யூசர்ஸ்பேஸில் (கர்னலுக்கு வெளியே சாதாரண ப்ரோகிராம்கள் ஓடும் பகுதி) உள்ள ஹாட்பிளக் ஸ்கிரிப்ட், பிற்பாடு சாதன நிகழ்வுகளைக் கவனிக்கும் யூடெவ் என்ற ப்ரோகிராம், கோப்பைத் தேடி எடுத்து, கர்னலோடு பேச உதவும் சிஸ்எஃப்எஸ் கோப்புகள் வழியாக உள்ளே எழுதும். அதுவரை டிரைவர் காத்திருக்கும், பிற்பாடு இயல்பான காலக்கெடு 60 விநாடி ஆனது. கேட்கச் சுத்தமான ஏற்பாடுதான். ஆனால் கர்னலுக்குள் கட்டப்பட்ட டிரைவர் ப்ரோப் கட்டத்தில், அதாவது சாதனத்தைக் கண்டுகொண்டு கைப்பற்றும் கட்டத்தில், கேட்டால் என்ன ஆகும்? பதில் சொல்ல யூடெவ் இன்னும் பிறக்கவே இல்லை. மெஷின் ஒரு நிமிடம் முழுக்க உறைந்து நிற்கும், அப்புறம் தோல்வி. 2011-ல் ரியல்டெக் நெட்வொர்க் கார்டுகளுக்கான ஆர்8169 டிரைவரில் இதற்காகவே ஒரு மாற்றம் போட்டார்கள்: ஃபர்ம்வேர் கேட்பதை ப்ரோப்பிலிருந்து எடுத்து, கார்டை யாராவது இயக்கும் நேரத்துக்குத் தள்ளினார்கள். யூசர்ஸ்பேஸே இல்லாதபோது ஃபர்ம்வேர் கேட்காதே என்பதுதான் விஷயம். யாரோ ஒருவர் கார்டை இயக்குகிறார் என்றால் யூசர்ஸ்பேஸ் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

2012-ல் மாட்யூல்களுக்கும் இதே கதி வந்தது. இது கொஞ்சம் சுவையானது. சாதனம் ஒன்று தெரிந்ததும் யூடெவ் அதற்கான மாட்யூலை ஏற்றுகிறது. மாட்யூல் ஏறும்போதே டிரைவர் ப்ரோப்புக்குள் நுழைந்து ஃபர்ம்வேர் கேட்கிறது. அந்தக் கேள்வி யூடெவ்வுக்கே ஒரு புது நிகழ்வாகத் திரும்பி வருகிறது. ஆனால் புதிய யூடெவ், தாய்ச் சாதனத்தின் நிகழ்வு முடியும்வரை பிள்ளையின் நிகழ்வைத் தொடாது. தாயின் நிகழ்வு மாட்யூல் ஏறி முடித்தால்தான் முடியும். மாட்யூலோ ஃபர்ம்வேர் வந்தால்தான் முடியும். குறுகிய வாசலில் இரண்டு பேர் "நீங்க முதல்ல போங்க" என்று நின்றுகொண்டிருப்பது போன்ற நிலை, காலக்கெடு தீரும்வரை.

யூடெவ் தரப்பின் வாதம்: ப்ரோப்பில் உட்கார்ந்து காத்திருப்பதே டிரைவரின் தப்பு, காத்திராமல் கேட்கும் ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர்_நோவெயிட் என்ற ஃபங்ஷனுக்கு எல்லாரும் மாறுங்கள். மாறியும் பார்த்தார்கள். டிவி டியூனர்களில் உள்ள டிஆர்எக்ஸ்-கே டிரைவரை மாற்றினார்கள். மாற்றியதும் அதோடு சேர்ந்து வேலை செய்யும் டிடிஏ18271 என்ற இன்னொரு டிரைவர் தடுமாற ஆரம்பித்தது. ஃபர்ம்வேர் ஏறுவதற்குள் ப்ரோப் முடிந்துவிட்டதாகத் திரும்பி வந்தால், அடுத்த சிப்பின் டிரைவர் தயாராகாத சிப்பை நம்பி வேலையைத் தொடங்கிவிடுகிறது. கடைசியில் காத்திருந்தே ஏற்று என்று சொல்ல அந்த டிரைவரில் தனியாக ஒரு ஆப்ஷன் வைக்க வேண்டியதாயிற்று. இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், "எல்லாவற்றையும் நோவெயிட் ஆக்கிவிடு" என்ற அறிவுரை இன்றும் சகஜமாகக் காதில் விழுகிறது. காத்திருப்பதை டிரைவரிடமிருந்து எடுத்துவிட்டால் அது அந்த டிரைவரை நம்பியிருப்பவர் தலையில் போய் விழும்.

வாக்குவாதம் சூடாகி, 2012 அக்டோபரில் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் தலையிட்டார். ஓடிக்கொண்டிருந்த மெஷின்களை யூடெவ் கெடுத்துவிட்டது என்பது அவர் கட்சி. யூடெவ்வையே சுற்றிக்கொண்டு போகும்படி, கர்னல் தானே கோப்பைப் படிக்கும் கோடை எழுதினார். அது அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 3.7-ல் சேர்ந்தது. /லிப்/ஃபர்ம்வேர், அதற்குள் அப்டேட்ஸ் ஃபோல்டர், கர்னல் பதிப்பின் பெயரிலான ஃபோல்டர் என்று சில இடங்களில் கர்னலே தேடும். இருந்தால் எடுக்கும், இல்லாவிட்டால் -2. 2014-ல், யூடெவ்வும் அடங்கிய சிஸ்டம்டி தொகுப்பின் 217 பதிப்போடு, யூடெவ் இந்த வேலையிலிருந்து முற்றாக விலகிக்கொண்டது.

பலர் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் இந்த மாற்றம் ஒரு நோயை இன்னொன்றாக மாற்றியது, அவ்வளவுதான். முன்பு தவறான நேரத்தில் கேட்டால் 60 விநாடி உறைதல். இப்போது தவறான நேரத்தில் கேட்டால் உடனடித் தோல்வி. உறைந்து நின்றால் மனிதர் கவனிப்பார், திட்டுவார், பிழை அறிக்கை எழுதுவார். உடனடித் தோல்வி லாகில் ஒரு வரியாகப் போய்ச் சேரும், சாதனம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

சரி, அப்படியானால் எப்போது கேட்பது? நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: ஃபர்ம்வேர் இல்லாமல் டிரைவரால் வெளி உலகத்துக்கு என்ன சொல்ல முடியும்? ஈதர்நெட் கார்டு என்றால், ஃபர்ம்வேர் இல்லாமலே "இங்கே ஒரு இன்டர்ஃபேஸ் இருக்கிறது, இதுதான் மேக் முகவரி" என்று பல கார்டுகளால் சொல்ல முடியும். அப்படியானால் ப்ரோப்பில் அதை மட்டும் பதிவு செய்துவிட்டு, இன்டர்ஃபேஸை இயக்கும்போது ஃபர்ம்வேரைக் கேட்கலாம். ஆர்8169-ல் இன்னும் வசதி. அங்கே ஃபர்ம்வேர் என்பது இணைப்பைச் சீராக்கும் ஒரு திருத்தம், அது கிடைக்காவிட்டாலும் பெரும்பாலும் நெட் வரும்.

இன்டெல் வைஃபை கதை வேறு. ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவருக்கு, கார்டு என்னென்ன செய்யும் என்பதே ஃபர்ம்வேரைப் படித்தால்தான் தெரியும். ஃபர்ம்வேர் இல்லாமல் இன்டர்ஃபேஸைப் பதிவு செய்வதில் அர்த்தமில்லை. அதனால் அது ப்ரோப்பில் நோவெயிட்டாகக் கேட்டுவிட்டு உடனே திரும்பி வந்துவிடுகிறது. தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த பதிப்பு எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடி, ஒன்று கிடைத்த பிறகே வைஃபை இருப்பதாக அறிவிக்கிறது. லாகில் வரிசையாக நாலைந்து -2 வந்து, கடைசியில் வைஃபை ஜோராக வேலை செய்வதன் காரணம் இந்த இறங்குவரிசைதான். பயந்துபோய் கூகுளில் தேடுகிறவர்கள் ஏராளம்.

யூஎஸ்பி டிவி ஸ்டிக்குகள் இதைவிட வேடிக்கை. செருகியதும் அது யாரென்றே சரியாகத் தெரியாது. "குளிர்ந்த நிலையில்" இருக்கிறது என்று டிரைவர் லாகில் எழுதும். ஃபர்ம்வேரை ஊற்றினால் சாதனம் தன்னைத் தானே துண்டித்துக்கொண்டு, பல சமயம் வேறு அடையாள எண்ணோடு மறுபடி வந்து இணையும். பழைய மேக்புக்குகளின் ஐசைட் கேமராவும் இந்த ரகம். அதற்கென்று இருக்கும் குட்டி டிரைவரின் ஒரே வேலை ஃபர்ம்வேரை ஊற்றுவதுதான், அதன் பிறகு வருகிற கேமராவை வேறொரு டிரைவர் பார்த்துக்கொள்ளும். இங்கே "இயக்கும்போது கேட்கலாம்" என்பதற்கே இடமில்லை, இயக்க அங்கே எதுவுமே இல்லை.

இந்த அளவுகோல் எங்கே இடறுகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிஎன்எக்ஸ்2. டெல், எச்பி சர்வர்களில் பரவலாக இருந்த பிராட்காம் நெட்எக்ஸ்ட்ரீம் II கார்டுகளின் டிரைவர் அது. 2011-ல் ஆர்8169-ஐப் பின்பற்றி இதிலும் ஃபர்ம்வேரை இயக்கும் கட்டத்துக்குத் தள்ளினார்கள். ஐந்து ஆண்டு எல்லாம் நன்றாகப் போனது. 2016-ல் கேடம்ப் பக்கத்திலிருந்து ஒரு சிக்கல் கிளம்பியது. சர்வர் கர்னல் நொறுங்கினால், ஓரமாக ஒதுக்கி வைத்த நினைவகத்தில் இரண்டாவது கர்னல் ஒன்று எழுந்து நடந்ததைப் பதிவு செய்யும், அதுதான் கேடம்ப். ஆனால் நெட்வொர்க் கார்டுக்கு முதல் கர்னல் செத்தது தெரியாது. பழைய முகவரிகளுக்கு நேரடியாக நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கர்னல் புது முகவரி அட்டவணை போட்டதும், பழைய எழுத்துகள் எல்லாம் பிழையாக வெடிக்கும். கார்டை ரீசெட் செய்தால் அடங்கும். ஆனால் ரீசெட் நடப்பது இயக்கும் கட்டத்தில், ரொம்பத் தாமதம்.

எனவே ரீசெட்டை ப்ரோப்புக்குக் கொண்டுவந்தார்கள், கூடவே ஃபர்ம்வேர் கேட்பதும் ப்ரோப்புக்குத் திரும்பியது. டிரைவரை மாட்யூலாக வைத்திருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கர்னலுக்குள் கட்டியிருந்த ஒருவரின் சர்வரில் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று கார்டே போய்விட்டது. அதே 2016 நவம்பரில் மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். பதிலாக வந்த திருத்தம் அழகானது: ப்ரோப்பில் ஃபர்ம்வேரும் வேண்டாம், முழு ரீசெட்டும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் எழுத்தை நிறுத்தச் சொல்லி, அது அடங்கும்வரை மட்டும் காத்திரு. மீதி எல்லாம் இயக்கும்போது. சாதனத்தை அமைதிப்படுத்துவதும் அதைத் தயார் செய்வதும் தனித்தனி வேலைகள், ஃபர்ம்வேர் தேவைப்படுவது இரண்டாவதற்கு மட்டும். ப்ரோப் ஃபங்ஷன்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழைந்து கிடப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

எதிர்க்கோடியில் சிபியு மைக்ரோகோடு, அதாவது ப்ராசசருக்குள்ளேயே ஓடும் நிரல், இருக்கிறது. அதற்கு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 2014-ல் இன்டெல் ஹாஸ்வெல் சிப்புகளில் டிஎஸ்எக்ஸ் என்ற வசதியில் பிழை இருப்பது தெரிந்து, மைக்ரோகோடு அப்டேட் மூலம் அதை அணைத்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதை ஏற்றினால், அந்த வசதி இருக்கிறதா என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்ட ப்ரோகிராம்கள் இல்லாத கட்டளையைக் கூப்பிட்டுச் செத்தன. 2013-ல் வந்த 3.9 முதலே இதற்குச் சீக்கிர ஏற்றம் உண்டு. இனிட்ராம்எஃப்எஸ்ஸின் தலைமாட்டில் அமுக்கப்படாத ஒரு குட்டித் தொகுப்பாக மைக்ரோகோடை ஒட்டிவைப்பார்கள். சுருக்கப்பட்டதை விரிக்கும் கோடு ஓடுவதற்கும் முன்பே தேவைப்படுவதால் அமுக்காமல் வைக்கிறார்கள். தாமதமாக ஏற்றும் வழியை 5.19 முதல் இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டார்கள். பிடிவாதமாகப் பயன்படுத்தினால் கர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும்.

நடுவில் மாட்டிக்கொள்வது கிராஃபிக்ஸ். ஏஎம்டி கார்டுகளுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவருக்கு ப்ரோப்பிலேயே ஃபர்ம்வேர் வேண்டும். கர்னலுக்குள் அதைக் கட்டிவிட்டு ஃபர்ம்வேரை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வைக்க மறந்தால் கருப்புத் திரை நிச்சயம். இந்த மறதியைத் தடுக்க டிரைவர் கோடில் மாட்யூல்_ஃபர்ம்வேர் என்று ஒரு குறிப்பு போடுவார்கள்: எனக்கு இந்தக் கோப்புகள் தேவைப்படலாம். இனிட்ராம்எஃப்எஸ் கட்டும் கருவிகள் அதைப் படித்துக் கோப்புகளை அள்ளிப் போடும். டெபியன், உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் தொகுப்புகளில்) கர்னல் அப்டேட்டின்போது "ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம்" என்று வரிசையாக எச்சரிக்கை வருவது இதனால்தான். அந்தக் குறிப்பு டிரைவர் ஆதரிக்கும் எல்லாக் கார்டுகளுக்கும் சேர்த்து எழுதப்பட்டது, உங்கள் மெஷினில் எந்தக் கார்டு என்று அதற்குத் தெரியாது. பழைய ஃபர்ம்வேர்கள் சில நூறு கேபிதான், அள்ளிப் போட்டாலும் வலிக்காது. என்விடியாவின் ஜிஎஸ்பி ஃபர்ம்வேர்கள் ஒவ்வொன்றும் பத்துக்கணக்கான எம்பி. என்விடியா கார்டுகளுக்கான நூவோ டிரைவர் 6.7 கர்னலில் அவற்றுக்கான ஆதரவைப் பெற்ற பிறகு, சின்னதாக /பூட் பார்ட்டிஷன் வைத்திருந்தவர்கள் இடப் பற்றாக்குறையில் விழிபிதுங்கினார்கள். சீக்கிரம் கேட்பதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

கர்னலே புத்திசாலித்தனமாக, நிஜ ரூட் வரும்வரை எல்லாக் கேள்விகளையும் நிறுத்தி வைக்கக் கூடாதா? இந்த யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. முடியாததற்குக் காரணம், எது கடைசி ரூட் என்பது கர்னலுக்குத் தெரியாது. இனிட்ராம்எஃப்எஸ்ஸே கடைசி ரூட்டாக ஓடும் சின்னச் சாதனங்கள் உண்டு. ஃபர்ம்வேர் தனிப் பார்ட்டிஷனில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்கள் உண்டு. அங்கே யூஈவென்ட்டி என்ற ப்ராசஸ் பழைய யூசர்ஸ்பேஸ் வழியில்தான் இன்றும் ஃபர்ம்வேர் கொடுக்கிறது. இன்னொரு பக்கம் கியூஎல்ஏ2எக்ஸ்எக்ஸ்எக்ஸ் போன்ற ஃபைபர் சேனல் கார்டுகள்: ரூட் டிஸ்கே அந்தக் கார்டின் வழியாக வருகிறது, கார்டோ ஃபர்ம்வேர் கேட்கிறது. ரூட் வரட்டும் என்று காத்திருந்தால் ரூட் வரவே வராது. கர்னலால் முடிந்தது, கண்ணுக்குத் தெரிந்த நிலைக்காகக் காத்திருப்பது மட்டும். 2021-ல் வந்த 5.13-ல் இனிட்ராம்எஃப்எஸ்ஸை விரிப்பது பின்னணி வேலையாக மாறியபோது, ஃபர்ம்வேர் தேடும் கோடு அது முடியும்வரை நிற்கும்படி ஒரு வரி சேர்த்தார்கள். அதைத் தாண்டி முடிவு செய்ய வேண்டியது டிரைவரும் டிஸ்ட்ரோவும்தான்.

சஸ்பெண்டிலும் இதே பிரச்சினை சின்ன அளவில் திரும்பி வருகிறது. தூக்கத்திலிருந்து எழும் சாதனம் ஃபர்ம்வேரை இழந்திருக்கலாம், டிஸ்க் இன்னும் எழுந்திருக்காது. இதை மட்டும் கர்னல் நன்றாகவே தீர்த்து வைத்திருக்கிறது. தூங்கப் போவதற்கு முன், எந்தெந்த டிரைவர் எந்தக் கோப்பைக் கேட்டது என்ற பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றி வைக்கும். எழுந்து பத்து விநாடி கழித்து அதைக் காலி செய்யும். டிரைவர் எழுதுகிறவர் இதற்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஆனால் முதல் தடவை ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர் வழியாகக் கேட்டிருக்க வேண்டும்.

டிரைவர் எழுதி முடித்தவர்கள் மாட்யூலாக ஏற்றிப் பார்த்ததோடு நிற்காமல், அதையே கர்னலுக்குள் கட்டி, இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ஃபர்ம்வேர் இல்லாமல் ஒருமுறை பூட் செய்து பார்க்கலாம். ப்ரோப் தோற்றால், சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள பைண்ட் கோப்பில் சாதனத்தின் பெயரை எழுதிப் பாருங்கள். இப்போது ரூட் வந்துவிட்டதால் ப்ரோப் இரண்டாம் முறை வெற்றி பெறக்கூடும். அப்படி வெற்றி பெற்றால் கோடு சரி, கேட்ட இடம் தப்பு.